பலகையில் தொங்கிய இடுப்பு

காலை மழை விட்டதும் பிளெக்ஸ் மாட்டுகிறவர்கள் வந்துவிட்டார்கள். கலேர்வே சந்தைக்கு எதிரே, ரவுண்டானாவுக்கும் பெரிய சாக்கடைக்கும் நடுவில் நிற்கிற இரும்புச் சட்டம் கொஞ்ச நாளாக வெறும் எலும்பாக நின்றுகொண்டிருந்தது. இரண்டு பேர் பின்பக்க ஏணியில் ஏறினார்கள். சுருட்டிய பிளெக்ஸ் கயிற்றில் மேலே போயிற்று.

நமுலி சாக்கை விரித்து உட்கார்ந்து மட்டோக்கே காய் உரித்துக்கொண்டிருந்தாள். பச்சை வாழைக்காயை நீளவாக்கில் கீறி, கத்தி முனையால் தோலை நெம்பி எடுத்து, காயைத் தண்ணீர்ப் பேசினில் போடவேண்டும். தோல் தனியாகக் குவியும். சாயங்காலம் மாட்டுக்காரர்கள் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். கலேர்வேயில் உரித்த காய்க்குத் தனி கிராக்கி. ஆபீஸ் போகிற பெண்கள் கையில் கறை படாமல் வாங்கிப் போய் இலையில் கட்டி அவித்துவிடலாம். கறையெல்லாம் உரிக்கிறவர்களுக்குத்தான். நமுலியின் விரல்கள் நகம்வரை கறுத்துக் கிடந்தன.

"இந்தத் தடவை எதுக்கு விளம்பரமாம்?" என்றாள் பக்கத்தில் உரித்துக்கொண்டிருந்த ஹாரியட். "போன தடவை பெயின்ட். அதுக்கு முன்னால சோள மாவு."

"சோப்பா இருக்கும்" என்றாள் நமுலி.

"உனக்கெப்படித் தெரியும்? மாட்டுறவன் உன் மச்சானா?"

"சும்மா சொன்னேன்டி."

சும்மா சொல்லவில்லை. எந்தச் சாலையில் எந்தப் பலகையில் வரும் என்று தெரியாமல், பல வாரமாக அவள் ஒரு சோப்பு விளம்பரத்துக்காகக் காத்திருந்தாள். பயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் யாருக்கும் தெரியாத இனிப்பு ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டிருப்பதுபோல அந்த நாட்கள் கழிந்தன.

பிளெக்ஸ் மேலிருந்து கீழாக அவிழ்ந்தது. முதலில் எழுத்து. 'எண்ணி முடிக்கிறதுக்குள்ளே களைச்சுப் போயிடாதே!' பிறகு ஒரு புட்டி. புட்டியின் மேல் கொட்டை எழுத்தில் கிஸஜ்ஜா டானிக். நல்ல ஆம்பளை என்று அர்த்தம். முலொண்டோ வேரில் செய்தது, ஆண்களுக்கு மட்டும் என்று கீழே சின்னதாகப் போட்டிருந்தது. கயிறு இன்னும் கொஞ்சம் தளர்ந்தது. தொப்புள் வந்தது. இடுப்பு வந்தது. இடுப்பைச் சுற்றி, ஒவ்வொன்றும் பூசணிக்காய் அளவுக்கு, சிவப்பு மணிகள் வந்தன. சிவப்பு, சிவப்பு, சிவப்பு. நடுவில் மூன்று வெள்ளை. மறுபடி சிவப்பு. ஓர் ஆணின் கை, அந்த வெள்ளை மணிகளுக்குப் பக்கத்தில் விரலை வைத்து எண்ணிக்கொண்டிருந்தது.

தொப்புளுக்கு மேலே உடம்பும் இல்லை, முகமும் இல்லை. வெட்டியிருந்தார்கள்.

"அடி ஆத்தி!" என்று ஹாரியட் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "புருஷன் மட்டும் பாக்கவேண்டியதைக் கொண்டுபோய் நடுரோட்டுல தொங்க விட்டிருக்கானுங்களே. எவ இடுப்புடி அது, துணிஞ்ச கட்டையா இருப்பா போலிருக்கே!"

நமுலி உரித்த காயைத் தோல் குவியலில் போட்டாள். தோலைப் பேசினில் போட்டாள். ஹாரியட் எடுத்துக் காட்டும்வரை அவளுக்குத் தெரியவில்லை.

*

அந்த மணிச்சரம் நமுலியின் இடுப்பில், கட்டியிருந்த துணிக்குள்ளே, அந்த நேரத்திலும் கிடந்தது.

நடந்தது இதுதான். கூரை ஒழுகிக்கொண்டிருந்த நாட்களில் ஒருநாள் விளம்பரக் கம்பெனிப் பெண் ஒருத்தி காமிராக்காரனோடு சந்தைக்கு வந்தாள். சமையல் எண்ணெய் விளம்பரத்துக்காகக் காய் உரிக்கிற கை வேண்டுமென்று நமுலியின் கையைப் பார்த்தாள். கறையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். நமுலி பேசினைத் தூக்கக் குனிந்தபோது துணி நழுவி மணி தெரிந்தது. அந்தப் பெண்ணின் கண் அங்கேயே நின்றுவிட்டது. "இது நிஜமாவே போட்டிருக்கீங்களா அக்கா?" என்று கேட்டாள். அவளும் இந்த ஊர்ப்பெண்தான், நமுலி பேசுகிற பேச்சைத்தான் பேசினாள். ஆனால் மணி கட்டாமலே வளர்ந்தவள். "எங்க கிட்ட புது மணி இருக்கு, ஆனா அது பொம்மை மாதிரி இருக்கு. உங்களோடது உடம்போட வளர்ந்த மாதிரி இருக்கு. ஒரு சோப்புக்கு வேணும். முகம் வராது. யாருக்குமே நீங்கன்னு தெரியாது."

முகம் வராது என்றதும் நமுலிக்குப் போதுமாக இருந்தது. படம் என்றால் முகம். முகம் இல்லாத படத்தில் ஆள் இல்லை. அப்படித்தான் அவளும் நினைத்தாள். கொடுத்த கூலி கூரைக்குத் தகரம் வாங்க உதவியது. சீட்டுப் பணம் என்று புருஷன் கயோண்டோவிடம் சொன்னாள். கூலிக்காக மட்டும் போனாள் என்றும் சொல்லிவிட முடியாது. விளக்கு வெளிச்சத்தில் அந்தக் காமிராக்காரன், "அசையாதீங்க, ரொம்ப அழகா இருக்கு" என்று சொன்னபோது, தன் உடம்பைப் பற்றித்தான் பேசுகிறான் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஆணின் கை அப்போது இல்லை. அதைப் பிறகு எங்கிருந்தோ கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார்கள்.

முகம் இல்லாவிட்டாலும் அவளை அடையாளம் சொல்லக்கூடியவர்கள் உலகத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். மகள் கிசா பிறந்தபோது சரம் அறுந்து மணிகள் சிதறின. பிள்ளை பெற்ற உடம்பை வேர்த்தண்ணீரில் குளிப்பாட்ட வந்த நாத்தனார் பாபிர்யேதான் மறுபடி கோர்த்துக் கட்டினாள். சிவப்பு போதவில்லை. குழந்தைக்கு யாரோ கொடுத்த வளையலிலிருந்து மூன்று வெள்ளை மணியை உருவிக் கோர்த்தாள். "இப்போதைக்கு இருக்கட்டும்" என்றாள். அது அப்படியே நிலைத்துவிட்டது. அந்த மூன்று மணியை இருட்டில் விரலால் தடவிப் பார்த்து, இது வெள்ளைதானே என்று கேட்கிற பழக்கம் கயோண்டோவுக்கு இருந்தது.

பாபிர்யே மரவள்ளி பொரித்து விற்கிற அடுப்பு, பலகைக்கு நேர் கீழே. கயோண்டோ வாடகைப் பைக்கோடு சவாரிக்கு நிற்கிற போடா ஸ்டேஜ், அதற்குப் பத்தடி தள்ளி.

*

முதல் நாள் கயோண்டோ ஒரு சவாரியை இறக்கிவிட்டு ஸ்டேஜுக்கு வந்ததை நமுலி காய்க்குலைகளின் மறைவிலிருந்து பார்த்தாள். ஹெல்மெட்டைக் கழற்றினான். தலையைத் தூக்கிப் பலகையைப் பார்த்தான். மழை மேகம் வருகிறதா என்று பார்க்கிறவன் மாதிரிதான் பார்த்தான். பிறகு துணியை எடுத்து ஈரமான சீட்டைத் துடைத்தான். அவன் முதுகிலிருந்து எதையும் படிக்க முடியவில்லை.

மற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. ஸ்டேஜ் சேர்மன் கட்டெண்டே சாய்ந்து உட்கார்ந்து சபை நடத்தினார்.

"எண்ணிப் பாத்தேன்டா. பதினஞ்சுக்கு மேல போகமுடியல."

"அதுக்குத்தான் சேர்மன் அண்ணே, டானிக் குடிக்கச் சொல்றான்!"

"உனக்கு ஒரு புட்டி பத்தாதுடா. டிரம்முல வாங்கணும்."

"யாரா இருக்கும் அண்ணே?"

"நைரோபிக்காரியா இருக்கும்."

"போங்கண்ணே, கோர்த்திருக்கிறதைப் பாருங்க. நம்ம வீட்டுக் கோர்ப்பு. இங்கதான் எங்கேயோ நடமாடிட்டிருக்கா. நடக்கும்போது காதை வச்சுக் கேளுங்கடா, சத்தம் கேக்குதான்னு!"

விளையாட்டாக ஆரம்பித்தது, நாலைந்து நாளில் வேறு மாதிரி ஆயிற்று. சாலையைக் கடக்கிற பெண்களின் முகத்தை விட்டுவிட்டு இடுப்பைப் பார்த்தார்கள். எவளாவது குனிந்தால், "சேர்மன், இங்க ஒரு சத்தம்!" என்று ஒருவன் கத்துவான். எல்லோரும் சிரிப்பார்கள். கோழிக்காரியின் மகள் அழுதுகொண்டே ஓடினாள்.

பிறகு போதகர் வந்தார். வாராவாரம் ஸ்டூல் மேல் ஏறி நின்று ஒலிபெருக்கியில் பேசுகிறவர். வழக்கமாகப் பத்துப் பேர் நிற்பார்கள். அந்தப் புதன்கிழமை சாலை அடைத்துக்கொண்டு கூட்டம் நின்றது.

"வித்தவன் பாவம் வித்தவனுக்கு! ஆனா காட்டினவ யாரு? அவ வானத்துலேருந்து குதிச்சவளா? இல்ல! நம்ம நடுவுலதான் காய்கறி வாங்குறா, நம்ம நடுவுலதான் சிரிக்கிறா! இத்தனை ஆசையா காட்டணும்னு இருந்தா, இதே ரோட்டுல நாம எல்லாரும் சேர்ந்து பாத்துருவோமே!"

கூட்டம் ஓவென்று கத்தியது.

நமுலிக்குத் தெரியும், இது வெறும் பேச்சு இல்லை. குட்டைப் பாவாடை போட்ட ஒரு பெண்ணை இதே ரவுண்டானாவில் வைத்து உரித்ததை அவள் பார்த்திருக்கிறாள். முதலில் ஒருவன் விசில் அடித்தான். அப்புறம் இருபது கை. அந்தப் பெண் கடைசியில் ஒரு கரிச்சாக்கைப் போர்த்திக்கொண்டு சாக்கடையோரமாக ஓடினாள். உரித்தவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. தக்காளிக்காரர்கள், பைக் ஓட்டுகிறவர்கள், தினமும் வணக்கம் சொல்கிறவர்கள்.

அன்று வீட்டுக்குப் போனதும் நமுலி கதவைச் சாத்திவிட்டுச் சரத்தைக் கழற்றினாள். கழற்றியதும் இடுப்பு குளிர்ந்தது. சோளமாவு டப்பாவின் அடியில் அதைப் புதைத்தாள்.

வெளிச்சம் மங்கும்போது கயோண்டோ வந்தான். கையிலிருந்த கூடையை இறக்கிவிட்டு அவள் ஊர் வழக்கப்படி முழங்காலிட்டு, "வந்தீங்களா கிசா அப்பா" என்றாள். பாயில் மட்டோக்கேயும் வேர்க்கடலைக் குழம்பும் எடுத்து வைத்தாள். அவன் கை கழுவிக்கொண்டே இருந்தான்.

"சத்தம் கேக்கலியே" என்றான்.

"என்ன சத்தம்?"

"நீ முட்டி போடும்போது கேக்குமே. அது."

"அறுந்துபோச்சு" என்றாள்.

"எப்போ?"

"காலையில. குலை தூக்கும்போது."

"மணியெல்லாம் பொறுக்கிட்டியா?"

"பொறுக்கிட்டேன்."

"அப்போ கோர்த்துக்க" என்று சொல்லிவிட்டுக் காயைப் பிட்டுக் குழம்பில் தோய்த்தான். புருஷன் இருக்கும்போது மணியைக் கழற்றி வைப்பது, அவனோடு கோபம் என்று சொல்லாமல் சொல்வது. போட்டால் ஊர் கேட்கும். கழற்றினால் வீடு கேட்கும். அவள் கிசாவுக்கு ஊட்டுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

*

பாபிர்யே மறுநாள் வந்தாள். நல்ல மழை. புதுத் தகரத்தில் அது கல் கொட்டுகிற மாதிரி விழுந்தது. தலையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு, கையில் பொரித்த மரவள்ளிப் பொட்டலத்தோடு உள்ளே நுழைந்து, நமுலி போட்ட பாயில் உட்காராமல் நின்றாள்.

"கிசாவுக்குக் கொடு. சூடு ஆறலை."

"உக்காருங்க மதினி. டீ போடுறேன்."

"டீ குடிக்க வரல. எந்திரி."

நமுலி எழுந்தாள்.

"இடுப்பைக் காட்டு."

"மதினி..."

"காட்டுடி. பெத்த உடம்பைக் கழுவினவ நான். என்கிட்ட என்ன வெக்கம்?"

நமுலி துணியைத் தளர்த்தினாள். வெறும் இடுப்பில் சரம் இருந்த இடத்தில் ஒரு வெளிறிய கோடு.

பாபிர்யே பெருமூச்சு விட்டாள். "கழட்டிட்டியா. கெட்டிக்காரி. மேல தொங்குறதை எப்படிக் கழட்டுவே? மரவள்ளியைப் பொரிச்சிட்டு நிமிர்ந்தா என் கை வேலை தலைக்கு மேல தொங்குது. நான் கோர்த்த மூணு வெள்ளை! ஊரே வந்து என் அடுப்புல எண்ணெய் கொதிக்கிறதை விட்டுட்டு அதை எண்ணுது."

"எனக்குத் தெரியாது மதினி. சோப்புன்னு சொன்னாங்க. முகம் வராதுன்னு சொன்னாங்க."

"முகத்தை யாருடி கேட்டா? முகத்தைச் சந்தையில எல்லாருக்கும்தான் காட்டுறே!" அவள் குரல் ஏறி, மழைச் சத்தத்தில் அமுங்கியது. "எவன் கைடி அது? பக்கத்துல விரல் வச்சிட்டிருக்கிறவன்?"

"சத்தியமா தெரியாது. அப்புறம் ஒட்டியிருக்காங்க. நான் மட்டும்தான் நின்னேன்."

"இதைச் சொன்னா ஸ்டேஜுல நம்புவானுங்களா?"

நமுலி அழுதாள். பாபிர்யே அவளைத் தொடவும் இல்லை, போகவும் இல்லை.

"கேளு. நான் அவனுக்கு அக்கா. என் தம்பி பொண்டாட்டி அம்மணமா தொங்குறா, அதுக்குக் கீழேயே அவன் வண்டியைத் துடைச்சிட்டு நிக்கிறான். எனக்குத் தெரிஞ்சும் நான் வாயை மூடிட்டிருந்தேன்னு நாளைக்குக் குடும்பத்துல தெரிஞ்சா, என்னை எதுல சேர்ப்பாங்க? ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போயிட்டு வந்து நான் அவன்கிட்ட பேசுவேன். அதுக்குள்ள நீயே சொல்லிடு."

"அவர் என்னை அடிச்சுத் துரத்திடுவாரு."

"துரத்தலாம்."

"கிசாவை வச்சுப்பாரு."

"வச்சுப்பான். அவன் குலத்துப் புள்ளை." பாபிர்யே பையை மறுபடி தலையில் மாட்டினாள். வாசலில் நின்று, திரும்பாமலே சொன்னாள்: "நான் இதுவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் வாய் திறக்கல. அதை நினைச்சுக்க. சாதாரணப்பட்ட வேலையில்ல அது எனக்கு."

அது உண்மை. பாபிர்யேயின் வாய் மூடியிருந்து கலேர்வே பார்த்ததில்லை.

*

சொல்லிவிட நமுலி முயற்சி செய்யாமல் இல்லை. சொல்கிற வரிசையைக்கூட மனதில் போட்டுவைத்தாள். முதலில் கூரை ஒழுகியது. பிறகு எண்ணெய் விளம்பரம், கை, கறை. பிறகு சோப்பு. ஒவ்வொரு தடவையும் சோப்பு வரும் இடத்தில் அது நியாயம் மாதிரி இல்லாமல் சாக்கு மாதிரி கேட்டது. 'அழகா இருக்கு' என்று காமிராக்காரன் சொன்னதை எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை. அதைச் சொன்னால் செத்தாள். விட்டுவிட்டால் சொன்னது பாதிப் பொய்.

சனிக்கிழமை மத்தியானம், ஹாரியட்டிடம் காயை ஒப்படைத்துவிட்டு ஸ்டேஜுக்கே போய் கயோண்டோவைத் தனியாகக் கூப்பிடலாம் என்று அவள் எழுந்தபோது சாலையில் ஒரு பெரிய சத்தம். மேலே பார்த்தபடி வந்த ஒரு பைக் ஓட்டி முட்டைக்கோஸ் தள்ளுவண்டியில் மோதிவிட்டான். சாலை முழுக்க முட்டைக்கோஸ் உருண்டது. தள்ளுவண்டிக்காரன் பைக் ஓட்டியின் சட்டையைப் பிடித்தான். போதகரின் ஆட்கள் எங்கிருந்தோ முளைத்தார்கள்.

"பாத்தீங்களா! ரத்தம் கேக்குது அது! இறக்குங்க அதை!"

"இறக்கினா கம்பெனிக்காரன் போலீஸோட வருவான்" என்றார் சேர்மன் கட்டெண்டே. ஆனால் பிடிபட்டவன் அவருடைய ஸ்டேஜ் ஆள். கூட்டம் பலகையைப் பார்த்துக் கோபப்பட்டால் ஸ்டேஜைப் பார்த்துக் கோபப்படாது என்று அவருக்குத் தெரியும். "கிழிக்க வேண்டாம். அழிச்சிடுவோம். பழைய எஞ்சின் ஆயில் இருக்கு, ஒரு கேன். யாருடா லேசான ஆளு? கயோண்டோ! நீதான்டா எலும்பன். ஏறு."

நமுலியின் கால் நின்ற இடத்தில் நின்றுவிட்டது.

கயோண்டோ மறுக்கவில்லை. கேனை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஒரு கழியின் நுனியில் துணி சுற்றி எடுத்துக்கொண்டு, பின்பக்க ஏணியில் ஏறினான். சட்டத்தின் அடியில் ஆட்கள் நடக்க ஒரு குறுகிய பலகைப்பாதை உண்டு. அவன் அதில் வந்து நின்றதும் கூட்டம் கைதட்டியது. தொப்புளுக்குக் கீழே அவன் ஒரு பல்லியைப்போலத் தெரிந்தான். அவனுடைய முகத்துக்கு நேராக அவளுடைய இடுப்பு, ஒரு வீட்டுச் சுவர் அளவுக்கு. நமுலி தன் துணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். யாரோ அவளைத்தான் தொடப்போகிறார்கள் என்பதுபோல உடம்பு கூசியது. இத்தனை நாள் அவன் கண்டுபிடிக்காமல் இருந்திருந்தாலும், இவ்வளவு கிட்டத்தில் தப்ப முடியாது.

"தொப்புளை மூடுடா முதல்ல!" என்று ஒருவன் கத்தினான்.

"தொடையை! தொடையை மூடு!"

"அந்தப் பய கையை அழி!"

கயோண்டோ துணியை எண்ணெயில் முக்கினான். தொப்புளுக்குப் போகவில்லை. தொடைக்குப் போகவில்லை. பக்கவாட்டில் நகர்ந்து, கழியை எட்டித் தூக்கி, அந்த மூன்று வெள்ளை மணிகளின்மேல் தேய்த்தான். முதல் மணி கறுத்தது. இரண்டாவது. மூன்றாவதற்கு எட்டவில்லை. கம்பியில் ஒரு காலை ஊன்றி, பாதி உடம்பு வெளியே தொங்க, எட்டித் தேய்த்தான்.

"டேய் கிறுக்கா! மணியில என்னடா இருக்கு? உடம்பை மூடுடா!"

"எண்ணி முடிக்கப் பாக்குறான் போலிருக்கு!"

கூட்டம் சிரித்தது. அவன் மறுபடி முக்கி, மறுபடி அதே மூன்றைத் தேய்த்தான். வெள்ளை துளிகூடத் தெரியாமல் போகும்வரை தேய்த்தான். பிறகுதான் மற்ற இடங்களுக்கு வந்தான். அதற்குள் கேனில் எண்ணெய் தீர்ந்துவிட்டது. தொப்புள் பாதி அப்படியே நின்றது.

கீழே மரவள்ளிச் சட்டிக்குப் பக்கத்தில் பாபிர்யே கரண்டியோடு நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சாலைக்கு இந்தப் பக்கம் நின்ற நமுலியைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. பாபிர்யே குனிந்து மரவள்ளியைப் புரட்டத் தொடங்கினாள்.

*

அவன் வருவதற்குள் ஓடிவிடலாமா என்று நமுலி நினைத்தாள். கிசாவைத் தூக்கிக்கொண்டு மசாக்காவில் இருக்கிற அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறலாம். துணிமணிகளை மூட்டை கட்டவும் செய்தாள். பிறகு அவிழ்த்தாள். அடுப்பில் இலைப்பொதி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அதை இறக்கவேண்டும் என்று மட்டும் தெரிந்தது.

கயோண்டோ இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிட்டான். வண்டியைச் சுவரோடு சாய்த்தான். முழங்கைவரை எண்ணெய். சாம்பலும் சோப்பும் போட்டுத் தேய்த்தான், போகவில்லை. அவள் தண்ணீர் ஊற்றினாள். கை தவறி அவன் காலில் ஊற்றிவிட்டாள்.

பாயில் உட்கார்ந்தான். அவள் முழங்காலிட்டாள்.

"கிசா அப்பா. ஒண்ணு சொல்லணும்."

"வேண்டாம்."

"கூரை ஒழுகிச்சில்ல, அப்போ ஒரு..."

"நமுலி." அவன் குரல் உயரவில்லை. அவள் பெயரைச் சொல்லி அவன் கூப்பிட்டு எவ்வளவோ நாள் ஆகியிருந்தது. "நீ சொல்லாத வரைக்கும் எனக்குத் தெரியாது. நீ சொல்லிட்டா எனக்குத் தெரிஞ்சதாயிடும். எனக்குத் தெரிஞ்சா எங்க அண்ணன்மாரைக் கூட்டணும். உங்க வீட்டுலேருந்து ஆள் வரணும். நடுவுல வச்சுப் பேசணும். என்ன பேசுவாங்க? அந்தக் கை எவனோடதுன்னு கேப்பாங்க."

"அந்தக் கை..."

"சொல்லாதேன்னேன்."

அவள் நிறுத்திக்கொண்டாள். திட்டியிருந்தால், அடித்திருந்தால்கூட, ஒரு முடிவு கிடைத்திருக்கும் என்று தோன்றியது. தோன்றியதற்காகத் தன்மேலேயே வெறுப்பும் வந்தது.

"நாளைக்கு மதினி வருவாங்க" என்றாள் மெதுவாக.

"வரட்டும். மரவள்ளி கொண்டு வருவா. பேச ஒண்ணும் கொண்டு வரமாட்டா. வர்றப்போ அவ அடுப்புகிட்ட நின்னுட்டுத்தான் வந்தேன்." அவன் காயைப் பிட்டான். வாயில் வைக்கவில்லை. "திங்கக்கிழமை நீ வழக்கமா உக்காருற இடத்துலேயே உக்காரு. இடத்தை மாத்தாதே. அவனுங்க சிரிச்சா நீயும் சிரி. ஹாரியட் எவளைத் திட்டினாலும் சேர்ந்து திட்டு. எவனாவது என்னைப் பாத்து, உனக்கு டானிக் வேணுமாடான்னு கேட்டா, நான் ரெண்டு புட்டின்னு சொல்லிக்கிறேன்."

அப்போதுதான் அவன் கை நடுங்குவதை அவள் கவனித்தாள். உயரத்தில் தொங்கிய களைப்பு என்று முதலில் நினைத்தாள். அது களைப்பு இல்லை. இத்தனை நாளும் தான் மட்டும் பயந்துகொண்டிருந்ததாக அவள் நினைத்திருந்தாள்.

"உங்களுக்கு எப்போ..." என்று ஆரம்பித்து, அதுவும் கேட்கக்கூடாத கேள்வியோ என்று பாதியில் விட்டாள்.

அவன் வாசல் பக்கம் பார்த்தான். கிசா பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சேற்றில் கத்திக்கொண்டிருந்தாள்.

"இங்க மாட்டுறதுக்கு முன்னாடியே" என்றான். "நடேட்டேல இதே பலகை ஒண்ணு நிக்குது. கத்வேல ஒண்ணு. ஜின்ஜா ரோட்டுல பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. சவாரி போற பக்கமெல்லாம் நிக்குது." பிட்ட காயைத் தட்டிலேயே வைத்தான். "எனக்கு எட்டினது இது ஒண்ணுதான்."